கிரவுண்ட் கேற்றில போர்ட்

குழு: அம்மாவின்ர 80 (ஹோல், சாப்பாடு, லிஸ்ட்)

*வெள்ளி இரவு*

மாலா: புட்போல் கிளப் கேற்றில ஏதோ ஒட்டியிருக்காம். கிரவுண்ட வித்து பிளட் (அடுக்குமாடி வீடு) கட்டப் போகினமாம். அம்மாவின்ர 80க்கு அந்த ஹோலுக்குத்தான் டிப்பொசிற் கட்டினது. ஆருக்கும் தெரியுமோ?

நிரோ: [படம்]

நிரோ: மகளின்ர பிராக்டிஸ் முடிய எடுத்தது சித்தி

மாலா: ஒரே இருட்டு. ஒண்டும் வாசிக்கேலாது

சிவா: நான் அப்பவே சொன்னனான். உந்தக் கவுன்சில் காசுக்கு எல்லாத்தையும் விக்கும். ஞாயிறு எல்லாரும் கேற்றடிக்கு வாங்கோ, சுலோக மட்டை பிடிப்பம்.

தர்சி: சித்தப்பா ஒரு நிமிசம். நிரோ, அதில விண்ணப்ப இலக்கம் இருக்கோ? கடைசித் திகதி?

நிரோ: இல்ல. ஏஜென்றின்ர போர்ட். விற்பனைக்கு எண்டும், கீழ அபிவிருத்தி வாய்ப்பு எண்டும் போட்டிருக்கு

தர்சி: அப்ப பிளானிங் (கட்டட அனுமதி) விண்ணப்பம் இல்ல. கவுன்சில் விக்கிறதும் இல்ல.

குகன்: எல்லாரும் ஆறுதலா வாசியுங்கோ. பிளானிங் நோட்டீஸ் எண்டால் இலக்கம் இருக்கும், கருத்துச் சொல்ல 21 நாள் இருக்கும். கவுன்சில் தன்ர திறந்தவெளி நிலத்தை விக்கிறதெண்டால் 1972 உள்ளூராட்சிச் சட்டப்படி உள்ளூர்ப் பேப்பரில அடுத்தடுத்து ரெண்டு கிழமை விளம்பரம் போடோணும், வாற ஆட்சேபணையைப் பாக்கோணும். தனியார் சொந்தக்காரர் ஏஜென்றைப் பிடிச்சுப் போர்ட் வச்சால் ஒரு தவணையும் இல்ல, நாளைக்கே கையெழுத்து வைக்கலாம். எங்கட கேற்றில இருக்கிறது அதுதான். அதால முதல் வேலை நிலம் ஆரின்ர எண்டு எழுத்தில எடுக்கிறது. லாண்ட் ரெஜிஸ்ட்ரியில பதிவுக்கு 7 பவுண், பிளானுக்கு 7 பவுண். அரசாங்கத்தின்ர தளத்திலயே எடுங்கோ, அதே மாதிரித் தெரியிற வேற தளங்கள் கூடக் காசு எடுக்கும். பதிவில ஏ பகுதியில நிலம், பி பகுதியில சொந்தக்காரரும் ஏதும் தடை இருந்தால் அதுவும், சி பகுதியில அடைமானமும் பழைய நிபந்தனையளும். விளையாட்டுக்கு மட்டும் எண்டு ஆரும் முந்தி எழுதி வச்சிருந்தால் சி பகுதியிலதான் கிடக்கும். அதை விட்டுட்டு மட்டை பிடிச்சுப் பிரயோசனம் இல்ல.

சிவா: மச்சான் நீர் எப்பவும் கடுதாசி தான்

ஈசன்: ஹோல் இருக்கோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ அண்ணை

தர்சி: இருக்கும் ஈசன் மாமா. ரெண்டு மாதத்துக்குள்ள ஒருத்தரும் இடிக்கேலாது.

மாலா: அப்பாடா. ரோல்ஸ் 200 சொல்லட்டோ?

வதனி (ஸ்கார்பரோ): இஞ்ச கிரவுண்டெல்லாம் சிற்றியின்ர. பெர்மிற் எடுத்தால் சரி. லண்டனில ஏன் இவ்வளவு கரைச்சல்

குகன்: கவுன்சிலுக்கு இதில ஒரு வேலை இருக்கு. 2011ல வந்த லோக்கலிசம் சட்டத்தில ஏ.சி.வி எண்டு ஒரு பட்டியல், சமூகத்துக்குப் பெறுமதியான சொத்துகளின்ர பட்டியல். அதில ஏத்தினால் சொந்தக்காரர் விக்க முன்னம் கவுன்சிலுக்கு அறிவிக்கோணும். மான்செஸ்டர் யுனைட்டட்டின்ர ஓல்ட் டிராஃபோர்ட் கிரவுண்டையே 2013ல அப்பிடி ஏத்தினவை. விண்ணப்பிக்கப் பதிவு செய்த சங்கம் தேவையில்ல. 21 பேர் சேர்ந்து ஒரு பக்கத்தில சங்க யாப்பு எழுதினால் காணும். மிச்சக் காசை உறுப்பினர் பங்கு போடுறேல்ல எண்ட வசனம் அதில கட்டாயம் இருக்கோணும். 21 பேரும் எங்கட பறோவில, அதாவது எங்கட கவுன்சில் பகுதியில, அல்லது எல்லை தொடுற பறோவில வாக்காளர் பட்டியலில இருக்கோணும்.

ஈசன்: நான் கையெழுத்து வைக்கலாமோ?

தர்சி: நீங்கள் இருக்கிற ஹரோ எங்கட பறோ எல்லையில இல்ல மாமா. ஏலாது.

ஈசன்: சரி அப்ப நான் ரோல்ஸ் பாக்கிறன்

மாலா: ரவியண்ணையின்ர மருமகள் இன்னும் சிற்றிசன் இல்ல. அவ?

தர்சி: சிலோன் பாஸ்போர்ட் எண்டால் கொமன்வெல்த். விசா இருந்தால் வாக்காளர் பட்டியலில பதியலாம் சித்தி. ஆனால் பதிஞ்சு பேர் ஏறின பிறகுதான் எண்ணலாம்.

குகன்: 21 எண்டு சரியா நிக்காதேங்கோ. 30 பேராவது வேணும். கவுன்சிலில ஒவ்வொரு பேரையும் வாக்காளர் பட்டியலோட ஒப்பிடுவினம். வீடு மாறினவை, பேரை வேற எழுத்தில எழுதினவை எல்லாம் வெட்டுப்படும். எங்கட ஆக்களுக்கு அதுதான் பிரச்சினை: பாஸ்போர்ட்டில ஒரு பேர், பட்டியலில இன்னொரு பேர், கையெழுத்தில இனிஷல் மட்டும். பட்டியலில இருக்கிற மாதிரியே எழுதுங்கோ.

சிவா: தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆக்களைக் கேட்டால் ஒரு மணித்தியாலத்தில 50 கையெழுத்து

குகன்: எந்தப் பள்ளிக்கூடம்? பிரிஞ்சு இப்ப ரெண்டெல்லோ

சிவா: தெரியாதமாதிரிக் கேளாதையும். சனி காலமை அந்த ஹோலில நடக்கிறது

மாலா: தயவுசெய்து ரெண்டு பேரும் அந்தக் கதையைத் தொடங்காதேங்கோ 🙏

பெரியம்மா: [குரல் செய்தி 0:52]

நிரோ: அம்மா சொல்லுறா, பிறந்தநாள் வாறது புரட்டாதிச் சனி, ரோல்ஸ் எண்டால் மரக்கறி ரோல்ஸ் தானாம்

ஈசன்: ஐயோ

*சனி*

நிரோ: லாண்ட் ரெஜிஸ்ட்ரி எடுத்தாச்சு. சொந்தக்காரர் ஒரு கொம்பனி. கிளப்புக்கு லீஸ் இருக்கு, முடியக் கிட்டவாம். சி பகுதியில அடைமானம் மட்டும்

குகன்: நிபந்தனை ஒண்டும் இல்லை எண்டால் ஏ.சி.விதான் வழி. லீஸ் முடிய முன்னம் நிலம் பட்டியலில இருக்கோணும்.

தர்சி: இன்னொண்டு. சட்டம் கட்டுப்படுத்திறது காலியான நிலத்தை விக்கிறதை, இல்லையெண்டால் 25 வருசமோ அதுக்கு மேலயோ லீஸ் குடுக்கிறதை. கிளப் உள்ளுக்கு இருக்கேக்க நிலத்தைக் கைமாத்தினால் அது வராது. கொம்பனியின்ர பங்கை வித்தாலும் வராது.

சிவா: அப்ப என்ன மண்ணாங்கட்டிக்கு உந்தப் பட்டியல்?

குகன்: பிளட் கட்டிறவனுக்குக் காலி நிலம்தானே வேணும் மச்சான். கிளப் இருக்கிற நிலத்தை அந்த விலைக்கு ஆரும் வாங்கமாட்டினம். பிளானிங்குக்குப் போனாலும் பட்டியலில இருக்கிறதைக் கமிட்டி கணக்கில எடுக்கலாம். ஆனால் விண்ணப்பம் குடுத்த நாளில இருந்து பாதுகாப்புத் தொடங்காது, ஏத்தின பிறகுதான். கவுன்சிலுக்கு 8 கிழமை தவணை. அதுக்குள்ள விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானால் முடிஞ்சுது. அதால இந்தக் கிழமையே குடுக்கோணும்.

நிரோ: பிளானில சிவப்புக்கோடு கீறி அனுப்பினான், பாருங்கோ மாமா

குகன்: பிட்சை மட்டும் சுத்தியிருக்கிறாய் தம்பி. 110க்கு 70 யார் பெரிய பிட்ச், பக்கத்தில பிள்ளையளின்ர 60க்கு 40, உடுப்பு மாத்திற அறை, ஹோல், கார் பார்க், கேற்றில இருந்து வாற பாதை, எல்லாம் கோட்டுக்குள்ள வரோணும். கார் பார்க்கை விட்டால் அதைத் தனியா வித்துப்போட்டு, வாகனம் விட இடமில்லாத கிளப் எப்பிடி நடக்கும் எண்டு அவையே கேப்பினம்.

தர்சி: ஆனால் மூலையில இருக்கிற காவலாளி வீட்டை வெளியில விடு. குடியிருப்பையும் அதோட சேர்ந்த வளவையும் பட்டியலில ஏத்தேலாது. உள்ள கீறினால் சொந்தக்காரர் மறுபரிசீலனை கேக்கேக்க அதைத்தான் பிடிப்பார்.

நிரோ: சரி மாத்திறன்

குகன்: விண்ணப்பத்தில கிளப்புக்கு எத்தினை கப் எண்டு எழுதாதேங்கோ. இடத்தின்ர முக்கியமான பாவனை உள்ளூர்ச் சனத்துக்கு நன்மையோ, அது தொடருமெண்டு நம்ப நியாயம் இருக்கோ, இது ரெண்டும்தான் கேள்வி. விளையாட்டு, பொழுதுபோக்கு, பண்பாடு எல்லாம் சேரும். அதால கிழமை அட்டவணை போடுங்கோ: எந்த நாள் எந்த வயசுப் பிள்ளையள், எத்தினை பேர், சனி தமிழ் வகுப்பு, வயோதிபரின்ர யோகா, அந்தியேட்டிச் சாப்பாடு, பிறந்தநாள். ஹோல் புக்கிங் கொப்பியைப் படமெடுங்கோ. ஒவ்வொரு குழுவிட்டயும் ரெண்டு வரிக் கடிதம். ஒரே கடிதத்தைப் பேர் மாத்தி அனுப்பினால் ஒரு கடிதம் மாதிரித்தான் பாப்பினம்.

குகன்: கிளப் நட்டத்தில ஓடுது எண்டு சொந்தக்காரர் சொல்லுவார். இப்ப நடக்கிற அதே விதமாத்தான் தொடரோணும் எண்டு சட்டம் கேக்கேல்ல. வேற ஆக்கள் நடத்தினாலும், வேற விளையாட்டு எண்டாலும் காணும்.

ஈசன்: அண்ணை மெசேஜை வாசிக்க ரீ ரெண்டு வேணும்

வதனி (ஸ்கார்பரோ): குகனண்ணை பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தான். கேள்வி ஒண்டு, மறுமொழி ரெண்டு பக்கம்

சிவா: சரி பட்டியலில ஏத்தியாச்சு எண்டு வைப்பம். பிறகு?

குகன்: விக்கிறதெண்டால் அறிவிக்கோணும். அறிவிச்ச நாளில இருந்து 6 கிழமை. அதுக்குள்ள ஒரு சமூக அமைப்பு நாங்களும் கேக்கிறம் எண்டு எழுதினால் மொத்தம் 6 மாதம் நிக்கும். கனபேர் விழுற குழி இஞ்சதான்: விண்ணப்பிக்க 21 பேர் காணும், ஆனால் அந்த 6 மாதத்தைக் கேக்க அந்த 21 பேருக்கு உரிமை இல்ல. பதிவு செய்த அறநிலையம், சி.ஐ.சி எண்ட சமூகநலக் கொம்பனி, சமூகநல சொசைற்றி மாதிரி ஒண்டு வேணும். 6 கிழமைக்குள்ள அதைத் தொடங்கிப் பதியிறது கஷ்டம். அதால இப்பவே தொடங்கோணும். சொசைற்றி எண்டால் ஒரு ஆளுக்கு ஒரு வாக்கு, எவ்வளவு காசு போட்டாலும். பங்கு வித்துக் காசும் சேர்க்கலாம்.

தர்சி: 6 மாதம் முடிய அவர் ஆருக்கும் விக்கலாம். எங்களுக்குத்தான் விக்கோணும் எண்டு இல்ல. அறிவிச்சதில இருந்து 18 மாதத்துக்குத் திரும்பத் தடையும் இல்ல.

சிவா: பாத்தியளே. கவுன்சில் மூண்டாம் ஆள் மாதிரிப் பாத்துக்கொண்டு நிக்கும்

குகன்: எல்லா இடமும் அப்பிடி இல்ல. 2013ல போர்ட்ஸ்மத் கவுன்சில் ரசிகர்களின்ர டிரஸ்டுக்கு 14.5 லட்சம் பவுண் கடன் குடுத்துத்தான் ரசிகர்கள் அந்த ஊர்ப் புட்போல் கிளப்பை வாங்கினவை. சனம் ஆளுக்கு 1000 பவுண் படி பங்கு போட்டது. பெரி (Bury) எண்ட ஊரின்ர கிளப் 2019ல லீக்கை விட்டுத் துரத்தப்பட்டுது. 1885ல இருந்து விளையாடின கிக் லேன் மைதானம் பூட்டிக் கிடந்தது. 2022ல அதைத் திரும்ப வாங்க அரசாங்கக் காசும் கவுன்சில் காசும் வந்தது. ஆனால் ரசிகர் சங்கம் ரெண்டு. ரெண்டும் ஒண்டானால்தான் காரியம் நடக்கும் எண்ட நிலை. 2022ல வாக்கெடுப்புத் தோத்துது, அடுத்த வருசம்தான் சேர்ந்தவை. இடையில மைதானம் சும்மா கிடந்தது.

மாலா: அண்ணை, இதை ஆருக்குச் சொல்லுறியள் எண்டு எல்லாருக்கும் விளங்குது

சிவா: பள்ளிக்கூடத்தை நான் பிரிக்கேல்ல

குகன்: நான் ஒருத்தரையும் சொல்லேல்ல. ஆனால் ரெண்டு பள்ளிக்கூடமும் ஒரே கடிதத்தில கையெழுத்து வச்சால் கவுன்சிலுக்கு அது பெரிய விசயம்.

நிரோ: கொவென்ட்ரி கதையையும் சொல்லுங்கோ மாமா, சித்தப்பாவுக்கு

குகன்: அது கவுன்சிலும் கிளப்பும் சண்டை பிடிச்ச கதை. பாதி கவுன்சிலின்ர, பாதி ஒரு அறநிலையத்தின்ர ஸ்டேடியம். வாடகை வருசம் 10 லட்சம் பவுணுக்கு மேல. 2012ல கிளப் வாடகையை நிப்பாட்டிச்சுது. 2013ல நோர்தாம்டனுக்குப் போச்சுது. ரசிகர்கள் தங்கட வீட்டு மட்சுக்கு வேற ஊருக்கு ஓடினவை. 2014ல திரும்பி வந்து கொஞ்சத்தில ஸ்டேடியம் வொஸ்ப்ஸ் றக்பி கிளப்புக்குப் போச்சுது. 2019ல இருந்து ரெண்டு சீசன் பேர்மிங்கமில. கிளப் தன்ர கையில ஸ்டேடியத்தை எடுத்தது 2025ல. சண்டை பிடிச்ச ரெண்டு பக்கமும் கதிரையில இருந்தது, அலைஞ்சது சனம்.

சிவா: புட்போல் கிளப்புகளைக் கண்காணிக்கப் புது ரெகுலேட்டர் வந்திட்டுதே?

தர்சி: 2025 சட்டம் முதல் அஞ்சு டிவிசனுக்குத்தான். எங்கட கிளப் அதுக்கு எவ்வளவோ கீழ.

ஈசன்: பக்கத்தில டல்விச்சிலயும் ஒரு பிரச்சினை நடந்ததல்லோ

தர்சி: ஓம். 2018 மார்ச்சில டல்விச் ஹம்லெற் கிளப்பை அவையின்ர சாம்பியன் ஹில் கிரவுண்டில இருந்து வெளியேத்தினது. டூட்டிங் அண்ட் மிச்சம் கிரவுண்டில விளையாடி டிசம்பரில திரும்பினவை. சாம்பியன் ஹில் ஏ.சி.வியில இருந்தது. அப்பிடியிருந்தும் வெளிய நிண்டவை.

குகன்: அதைத்தான் சொல்லுறன். பட்டியல் நேரம் வாங்கித் தரும், நிலம் வாங்கித் தராது. ஏ.எஃப்.சி விம்பிள்டனைப் பாருங்கோ. 2002ல பழைய விம்பிள்டன் கிளப்பை மில்டன் கீன்ஸ் எண்ட வேற ஊருக்குப் போக விட்டாச்சு, ரசிகர்கள் இதைப் புதுசாத் தொடங்கினவை. மேர்ட்டன் கவுன்சில் பிளௌ லேன் ஸ்டேடியத்துக்கு அனுமதி குடுத்தது 2015 டிசம்பரில. முதல் மட்ச் 2020 நவம்பர். காசு குறைஞ்ச நேரம் ரசிகர்கள் போண்ட் (கடன் பத்திரம்) வாங்கி 50 லட்சம் பவுணுக்கு மேல சேர்த்தவை. அந்த டிரஸ்டும் ஒரு ஆள் ஒரு வாக்கு.

சிவா: சரி. ஆனால் கவுன்சிலரை நான் கேற்றடிக்குக் கூட்டிக்கொண்டு வாறன். எல்லார் முன்னாலயும் வாக்குக் குடுக்கட்டும்.

தர்சி: கூட்டிக்கொண்டு வாங்கோ, ஆனால் பிளானிங் கமிட்டியில இருக்கிறவர் எண்டால் "எதிர்த்து வாக்குப் போடுவன்" எண்டு சொல்ல வைக்காதேங்கோ. விண்ணப்பம் வர முன்னமே முடிவெடுத்திட்டார் எண்டு கோர்ட்டில பிடிக்கப் பாப்பினம். பிள்ளையள் விளையாடுறதைப் பாக்கட்டும், அது காணும்.

குகன்: ஏ.சி.வி விண்ணப்பத்தைப் பாக்கிறது கவுன்சிலர் இல்ல, அதிகாரி. போன் பண்ணி ஆர் எண்டு கேளுங்கோ, மரியாதையாக் கதையுங்கோ. ஏதும் குறைஞ்சால் சொல்லச் சொல்லிக் கேளுங்கோ. அவை மறுத்தால் எங்களுக்கு அப்பீல் இல்ல. அப்பீல் சொந்தக்காரருக்குத்தான்.

பெரியம்மா: [குரல் செய்தி 0:31]

நிரோ: அம்மாவின்ர பேரைப் போடட்டாம். அம்மம்மாவின்ர பேரையுமாம், ஒவ்வொரு தேர்தலுக்கும் வோட் போடுறா எண்டு

மாலா: எண்பது வயசுப் பிறந்தநாள்காரியும் உறுப்பினர் 😀

ஈசன்: செயலாளர் ஆர்?

மாலா: தர்சி

தர்சி: நான் எழுதித் தாறன், செயலாளர் வேண்டாம். வேலை இடத்தில பிரச்சினை வரும்.

சிவா: நிரோ

நிரோ: நான் கிளப்பில கோச். சொந்தக்காரருக்குக் கண்ணில குத்தும்

குகன்: சிவா மச்சான் இருக்கட்டும். ஆக்களைச் சேர்க்கத் தெரிஞ்சவர்.

சிவா: யோசிச்சுச் சொல்லுறன்

மாலா: இப்ப 17 பேர். ரவியண்ணை வீட்டில 4 சேர்ந்தால் 21

குகன்: 30.

மாலா: ஓம் அண்ணை 30

தர்சி: பேர், முகவரியை இந்தக் குழுவில போடாதேங்கோ. எனக்குத் தனிய அனுப்புங்கோ.

சிவா: மற்றப் பள்ளிக்கூடத்து அதிபரின்ர நம்பர் ஆரிட்ட இருக்கு?

மாலா: என்னட்ட இருக்கு. ஆனால் நீங்கள்தான் கதைக்கோணும்

சிவா: திங்கள் பாப்பம்

ஈசன்: மரக்கறி ரோல்ஸ் எண்டால் 250. சம்பல் எவ்வளவு?