நீர் சுற்றும் திருகை நம் பக்கம் ஏன் இல்லை?

கேள்வி (பென்னாகரம்):
சென்ற மாதம் உத்தராகண்ட் சென்றிருந்தபோது, ஓடைக்கரையில் ஒரு கற்குடிலுக்குள் ஆள் தொடாமலே திருகைக்கல் சுழன்று மாவு கொட்டுவதைப் பார்த்தேன். அதைக் ‘கராட்’ என்கிறார்கள். ஒகேனக்கல்லில் அவ்வளவு நீர் விழுந்தும், என் பாட்டி விடியலில் எழுந்து கையால்தான் ராகி அரைத்தார். அந்தக் கல் எவ்வாறு சுழல்கிறது, வேறு எதற்கெல்லாம் பயன்பட்டது, நம் பக்கம் ஏன் வரவில்லை என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1 (கிருஷ்ணகிரி, ஓய்வுபெற்ற தொழிற்கல்வி ஆசிரியர்):
ஐயா, நீங்கள் கண்டது படுக்கைச் சக்கரம்; அதாவது தரைக்கு இணையாகப் படுத்தபடி சுழல்வது. வாய்க்கால் நீர் சரிவான மரத்தொட்டி வழியே பாய்ந்து கல்லுக்கு அடியில் உள்ள சக்கரத்தின் மரத் தகடுகளில் அறைகிறது. சக்கரத்தின் நடுத்தண்டு அடிக்கல்லின் துளை வழியே ஏறி மேற்கல்லோடு பூட்டப்பட்டிருப்பதால், பற்சக்கரம் எதுவும் இல்லாமலே சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கல்லும் ஒரு சுற்றுச் சுற்றும். தானியக் கூடையிலிருந்து ஒரு குச்சி மேற்கல்லில் உரசிக்கொண்டிருந்ததைக் கவனித்தீர்களா? கல் வேகமெடுத்தால் கூடை அதிகம் குலுங்கித் தானியம் அதிகம் விழும்; வேகம் தணிந்தால் விழுவதும் தணியும். முழு அமைப்பிலும் எனக்குப் பிடித்தது அந்தக் குச்சிதான்.

வண்டிச் சக்கரம்போல் நிமிர்ந்து நிற்கும் சக்கரமானால், அதன் சுழற்சியைப் படுத்திருக்கும் கல்லுக்குத் திருப்பப் பற்சக்கரம் தேவை. அதை ரோமானியரான விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே விவரித்துள்ளார். மேலிருந்து நீர் விழும் சக்கரம், அடியில் நீர் மோதும் சக்கரத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு பயன் தரும் என்பதை 1759இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் மாதிரிகளை வைத்து அளந்து காட்டினார்.

பதில் 2 (தேன்கனிக்கோட்டை):
பயன்கள் பல. சீனாவில் கி.பி. 31இல் து ஷி என்ற அதிகாரி இரும்பு உலைத் துருத்தியை நீர்ச் சக்கரத்தால் இயக்கினார். ஐரோப்பாவில் மரம் அறுக்கவும், கம்பளித் துணியை அடித்து இறுக்கவும், காகிதத்துக்காகக் கந்தலைக் கூழாக்கவும் அதே சக்கரம் உழைத்தது. கராட்காரருக்குக் கூலி பெரும்பாலும் மாவிலேயே ஒரு பங்கு.

நம் பக்கம் வராததற்குக் காரணம், என் கணிப்பில், நீரின் அளவல்ல, அதன் ஒழுங்கு. இமயத்து ஓடை ஆண்டு முழுவதும் ஊருக்கு அருகிலேயே சரிந்து ஓடுகிறது. நம் சின்னாறோ மழை பெய்தால் பொங்கி, பின்பு மணலாகிவிடுகிறது. ஒகேனக்கல் வெள்ளத்தில் எந்த மரச் சக்கரமும் நிற்காது. நின்றாலும், ராகி மூட்டையை அவ்வளவு தூரம் சுமப்பதைவிட வீட்டுத் திருகையே எளிது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆனால் தூரத்தைக் காரணமாகச் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மின்சார மாவு மில் வந்த பிறகு, பாட்டி ராகியைத் தலையில் வைத்து நான்கு கல் தொலைவு நடந்தே சென்றார். நீர் ஒழுங்காக ஓடியிருந்தால் அங்கும் நடந்திருப்பார்.