அப்பாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், கையெழுத்துப் போடலாமா? (அவசரம்)

கம்பிக்காரர் மகன் | 14 ஜூன் 2023, இரவு 10.40
வணக்கம். அப்பா ஆறு வருடமாக ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார். சனிக்கிழமை கூலி வாங்கும்போது "சைட் முடிஞ்சுது, திங்கக்கிழமை வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். நோட்டீஸ் எதுவும் இல்லை. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிக் கூலியாம். நாளை காலை 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இது சட்டவிரோதம்தானே? சீக்கிரம் சொல்லுங்கள்.

பழைய மேஸ்திரி | 10.52
தம்பி, அப்பாவுக்கு என்ன வேலை? கம்பியா, சென்ட்ரிங்கா, கொத்தா? ஆள் கம்பெனி கணக்கிலா, லேபர் கான்ட்ராக்டர் கணக்கிலா? ஒரே சைட்டா? தாளில் என்ன எழுதியிருக்கிறது? இதெல்லாம் தெரியாமல் யார் என்ன சொல்ல?

அம்பத்தூர் லேத் | 10.58
24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம். தமிழ்நாட்டுச் சட்டம், 1981. எங்கள் ஃபேக்டரியில் நாலு பேர் அப்படித்தான் நிரந்தரம் ஆனோம். தைரியமாக மனு கொடுங்கள்.

சட்டப்புள்ளி | 11.05
இந்த 480 நாளை இங்கே இன்னும் எத்தனை முறை படிக்க வேண்டுமோ. அதே சட்டத்தின் 7ஆம் பிரிவைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும்: கட்டடம், பாலம், சாலை, கால்வாய், அணை கட்டும் நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. இங்கே பார்க்க வேண்டியது தொழில் தகராறு சட்டம் 1947, பிரிவு 25எஃப்எஃப்எஃப். கட்டுமானத்துக்கென்று தொடங்கிய அமைப்பு, தொடங்கி இரண்டு ஆண்டுக்குள் வேலை முடிந்து மூடப்பட்டால் இழப்பீடு கிடையாது. சைட் முடிந்தது, கதை முடிந்தது.

அம்பத்தூர் லேத் | 11.09
சரி சார், எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஆறு வருடமும் ஒரே சைட்டிலா இருந்தார்? அதைக் கேட்காமலே கதையை முடித்துவிட்டீர்களே.

ஓசூர் காற்று | 11.12
கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா? வேலை போனால் வாரியத்தில் பணம் தருவார்கள்.

பழைய மேஸ்திரி | 11.15
வேலை போனதற்கு எங்கே தருகிறார்கள்? விபத்து, இறப்பு, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம், இவற்றுக்குத்தான்.

ஓசூர் காற்று | 11.17
அப்புறம் கட்டடச் செலவில் ஒரு சதவீதம் செஸ் (வாரியத்துக்கான வரி) எதற்கு வாங்குகிறார்கள்? எங்கள் சித்தப்பா அட்டையைப் புதுப்பிக்கவே மூன்று நடை நடந்தார்.

சட்டப்புள்ளி | 11.19
சித்தப்பா புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டிருப்பார்.

ஓசூர் காற்று | 11.20
சித்தப்பாவை விடுங்கள் சார். நீங்கள் சாரம் ஏறியிருக்கிறீர்களா?

கம்பிக்காரர் மகன் | 11.31
மன்னிக்கவும். கம்பி கட்டும் வேலை, நாள் கூலி 850. முதலில் சிறுசேரி, அப்புறம் ஒரகடம், இப்போது பூந்தமல்லி. கம்பெனி வண்டியிலேயே சைட் மாற்றிக் கூட்டிப்போவார்கள். தாளை அப்பா போனில் படம் எடுத்து வந்திருக்கிறார். "எனக்குச் சேர வேண்டிய அனைத்துத் தொகையும் பெற்றுக்கொண்டு, என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்று டைப் அடித்திருக்கிறது. தேதி போடும் இடம் காலி. ரெவின்யூ ஸ்டாம்ப் மட்டும் முன்கூட்டியே ஒட்டியிருக்கிறது.

பழைய மேஸ்திரி | 11.36
அதில் கையெழுத்துப் போடவே கூடாது. வற்புறுத்தினால் "பாக்கிக் கூலி இத்தனை ரூபாய் மட்டும் பெற்றேன்" என்று அப்பாவே கைப்பட எழுதி, தேதி போட்டுக் கொடுக்கட்டும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிஎஃப் பாஸ்புக்கில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள்.

துறைமுகத் தோழர் | 11.48
சட்டப்புள்ளி சொன்னது பாதிப் பிரிவு. இரண்டு ஆண்டுக்குள் முடியாத வேலை என்றால் அதே பிரிவில் நோட்டீசும் இழப்பீடும் உண்டு. பூந்தமல்லி சைட் எப்போது தொடங்கியது? அதைவிட முக்கியம், சைட் முடிவது வேறு, கம்பெனி மூடுவது வேறு. மூன்று சைட்டுக்கும் அவர்களே மாற்றி அனுப்பியிருந்தால், அவர் கம்பெனி ஆள் என்று வாதாடலாம். கடைசி 12 மாதத்தில் 240 நாள் இருந்தால் 25எஃப்: ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வருடத்துக்கு 15 நாள் கூலி. 850 × 15 × 6 = 76,500. ஐந்து வருடம் தாண்டியதால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி. சங்கம் இல்லாவிட்டாலும் அதே சட்டத்தின் 2ஏ பிரிவில் தொழிலாளர் துறை சமரச அதிகாரியிடம் அவரே மனு கொடுக்கலாம். 45 நாளில் தீராவிட்டால் நேரே தொழிலாளர் நீதிமன்றம். மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

சட்டப்புள்ளி | 11.57
வேலை திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டாதீர்கள். 2014இல் பிஎஸ்என்எல் – புருமல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான்: நாள்கூலிக்காரருக்கு 25எஃப் மீறப்பட்டாலும் வேலை தானாகத் திரும்பக் கிடைக்காது, பணமாகத்தான் வரும்.

துறைமுகத் தோழர் | 12.01
பணமாவது வரும் என்பதை "கதை முடிந்தது" என்ற இடத்திலேயே சொல்லியிருக்கலாம்.

கம்பிக்காரர் மகன் | 15 ஜூன், மாலை 6.20
கையெழுத்துப் போடவில்லை. பாக்கிக் கூலியும் தரவில்லை. பாஸ்புக்கில் கம்பெனி பெயர்தான், மூன்று சைட்டுக்கும் ஒரே எண். ஆனால் 2020இல் ஏப்ரல், மே இரண்டு மாதமும் காலி. அது கெடுத்துவிடுமா?

துறைமுகத் தோழர் | 6.34
அது ஊரடங்கு. தொழிலாளி தவறில்லாமல் வேலை நின்ற காலம் தொடர் பணியில் சேரும், 25பி. மனுவோடு பாஸ்புக் நகல் வையுங்கள். பூந்தமல்லி தொடங்கிய தேதியை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

பழைய மேஸ்திரி | 2 செப்டம்பர்
தம்பி, என்ன ஆயிற்று?