சைரன் அடித்தது, சென்டருக்குச் செய்தி போகவில்லை

அலாரம் வேலை செய்பவர்களும் வீட்டில், கடையில் அலாரம் வைத்திருப்பவர்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

ரொறொன்ரோ, ஸ்காபரோவில் அலாரம் பொருத்துகிறேன். யாராவது உள்ளே புகுந்தால் பேனல் (அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டி) சைரன் அடித்து, போன் லைன் வழியாக மொனிட்டரிங் சென்டருக்குச் செய்தி அனுப்பும்; அலாரங்களை ஆட்கள் கண்காணிக்கும் இடம் அது. ஓர் அம்மா வீட்டுக்குப் பேனல் பற்றரி மாற்றப் போயிருந்தேன். பழைய செம்புக் கம்பி லைனை நிறுத்திவிட்டு, மோடத்தில் வரும் போன் எடுத்திருந்தார். கீபேடில் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "அது பற்றரிக்குத்தான் தம்பி. சைரன் நல்லா அடிக்குது, நான் பார்த்தனான்" என்றார்.

பேனலைத் திறந்து லைன் கம்பியில் டெஸ்ட் போனை மாட்டினேன். டயல் டோன் இல்லை.

வெளியிலிருந்து வரும் லைன் முதலில் ஆர்ஜே31எக்ஸ் ஜாக் வழியாகப் பேனலுக்குப் போய், அப்புறம்தான் வீட்டுப் போன்களுக்குப் பிரிய வேண்டும். அப்போதுதான் யாராவது பேசிக்கொண்டிருந்தாலும் பேனல் அந்தப் பேச்சைத் துண்டித்துவிட்டு டயல் செய்ய முடியும். மோடம் வைக்க வந்தவர் வெளி லைனைக் கழற்றிவிட்டு, சமையலறைப் போனை நேரே மோடத்தில் செருகிவிட்டுப் போயிருக்கிறார். பேனலுக்கு வந்தது செத்த கம்பி.

மோடத்திலிருந்து ஜாக்குக்குப் புதிதாகக் கம்பி இழுத்தேன். இது சோதனைதான், உண்மை அலாரம் இல்லை என்று சென்டரில் சொல்லிக் கணக்கை டெஸ்டில் போட்டுவிட்டு, முன் ஜன்னலைத் திறந்து லைனில் காது கொடுத்தேன். சென்டர் முதலில் 1400 ஹெர்ட்ஸ், பிறகு 2300 ஹெர்ட்ஸ் என இரண்டு சிறு ஒலி தரும். பேச்சைத் தொடங்கலாம் என்று அர்த்தம். உடனே பேனல் 16 இலக்கங்களைப் போன் பட்டன் ஒலியாக இரண்டு விநாடிக்குள் கொட்டிவிடும்: 4512 18 1131 01 008 9. 4512 கணக்கு எண் (இங்கே மாற்றி எழுதியிருக்கிறேன்), 1131இல் உள்ள 131 வெளிக்கதவு, ஜன்னல் அலாரம், 008 அந்த ஜன்னல், கடைசி 9 சரிபார்ப்பு இலக்கம். சென்டர் கணக்குப் பார்த்துச் சரி என்றால் நீளமாக ஒரு 1400 ஒலி கொடுக்கும்.

அந்த நீள ஒலி வரவே இல்லை. பேனல் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்துவிட்டு லைனை வைத்துவிட்டது. ஒவ்வோர் இலக்கமும் விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்தான் ஒலிக்கும். மனிதப் பேச்சுக்காகச் சுருக்கி அனுப்பும் இணையப் போனில் அது சிதைந்துவிடுகிறது. கடைசியில் செல் கம்யூனிகேட்டர் (பேனலின் செய்தியை மொபைல் நெட்வொர்க்கில் அனுப்பும் கருவி) போட்டுத்தான் சரியாக்கினேன்.

மறுமொழி:
மொனிட்டரிங் சென்டரில் இரவு வேலை பார்த்தவள் நான். 2013 டிசம்பர் உறைபனி மழையில் ரொறொன்ரோவில் லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கரண்ட் போனது நினைவிருக்கும். எங்கள் திரை முழுக்க 301, அதாவது கரண்ட் இல்லை. சில மணி நேரத்தில் 302, பற்றரி இறங்குகிறது. அப்படிச் சொன்னவை பெரும்பாலும் செம்பு லைன் வீடுகள்தான், அந்த லைனுக்கு 48 வோல்ட் கரண்ட் போன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. மோடம் அணைந்த வீடுகளிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. பேனல் வழக்கமாகத் தானே அனுப்பும் டெஸ்ட் செய்தி 602 வரவில்லை என்ற பட்டியல் வந்தபோதுதான் அவை யார் வீடுகள் என்றே தெரிந்தது. எனக்குப் பயம் தந்தது அந்தப் பட்டியல்தான்.

மறுமொழி:
அண்ணை, எங்கள் பலசரக்குக் கடைக் கதை வேறு. 2018 செப்டம்பரிலிருந்து ரொறொன்ரோ போலீஸ் உறுதிசெய்யப்பட்ட அலாரத்துக்குத்தான் வருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட சென்சர், கமரா, சத்தம், நேரில் பார்த்தவர் என்று ஏதாவது வேண்டும். ஆகவே டெஸ்டில் சென்டர் ஆபரேட்டரை வந்த ஒவ்வோர் எண்ணாக வாசிக்கச் சொன்னேன். பின்கதவுக்கு 131 வந்தது. கடைக்குள் நான் நடந்து பார்த்ததற்கு 132 (உள் சென்சர் அலாரம்) வரவில்லை, சைரன் மட்டும் அலறியது. உள் சென்சருக்காகச் சென்டருக்கு அனுப்ப வேண்டிய எண்ணைப் பேனலில் பதியாமலே விட்டிருந்தார்கள்! டெக்னீசியன் பதிந்த பிறகு இரண்டும் வந்தன.

ஒரு கேள்வி: எங்கள் பேனல் பேஸ்மென்டில். அங்கே செல் சிக்னல் ஒரு கோடுதான். கம்யூனிகேட்டர் வேலை செய்யுமா?

மறுமொழி:
பேனல் கீழேயே இருக்கட்டும் தங்கச்சி. கம்யூனிகேட்டரை மட்டும் மேலே வைத்து நாலு கம்பி இழுத்தால் போதும்: இரண்டு கரண்டுக்கு, இரண்டு லைனுக்கு. சுவரில் பூட்டுவதற்கு முன்னமே அந்த இடத்தில் சிக்னலைப் பார்க்கச் சொல்லுங்கோ.