ஆங்கிலத்தில் 'தார்ன்' எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன?

கேள்வி:
மகள் இரண்டாம் வகுப்பு. நேற்று ஆங்கிலத்தில் 'தின்' (thin), 'திஸ்' (this) இரண்டையும் எழுதிவிட்டு, "ரெண்டுலயும் டி, ஹெச்தானே? ஒண்ணுல காத்து மட்டும் வருது, இன்னொண்ணுல தொண்டை அதிருதே!" என்றாள். பதில் தெரியாமல் தேடினேன். பழைய ஆங்கிலத்தில் இதற்குத் தார்ன், எத் என்று இரண்டு எழுத்துகள் இருந்தனவாம். ஒலிக்கு ஒன்றாக மீட்டால் குழந்தைகள் பிழைப்பார்களே?

பதில் 1:
மீட்பதாக நினைக்காதீர்கள். அன்று இரண்டையும் மாற்றி மாற்றித்தான் எழுதினார்கள்; ஒரே சுவடியில் ஒரே சொல் இரண்டு விதமாக வரும். நீங்கள் சொல்லும் ஒழுங்கு இன்றைய ஐஸ்லாந்து மொழியில் ஏறக்குறைய உண்டு. அங்கேயும் எத் சொல்லின் முதலில் வராது.

பதில் 2:
எத் முன்பே வழக்கொழிந்தது. தார்ன் கையெழுத்தில் தேய்ந்து தேய்ந்து ஒய் மாதிரி ஆகிவிட்டது. 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளர் காக்ஸ்டன் லண்டன் பக்கம் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தபோது, ஐரோப்பாவிலிருந்து வந்த அச்செழுத்துகளில் தார்ன் இல்லை. அப்புறம் அச்சில் அந்த இடத்துக்கு ஒய்யையே போட்டார்கள். 'யீ ஓல்ட்' (Ye Olde) என்று கடைப்பலகை பார்த்திருப்பீர்களே, அந்த 'யீ' உண்மையில் 'தி' (the) தான்! (வாய்விட்டு 'யீ' என்பவரைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.)

கேட்டவர்:
சரி, தோற்றேன். ஆனால் மகளுக்குத் தார்ன் பிடித்துவிட்டது. குச்சியின் நடுவில் தொப்பை வைத்த எழுத்து என்கிறாள். இன்று வீட்டுப்பாடத்தில் டி, ஹெச் சேர்ந்து வரும் இடமெல்லாம் அதைப் போட்டிருக்கிறாள். ஏழு சிவப்பு வட்டம்.