மறு: ‘இறகுவால் சறுக்கி’ – பெயர்ப் பரிந்துரை

குழுவினருக்கு வணக்கம்.

கிழக்கு ஆஸ்திரேலியக் காடுகளில் வாழ்ந்து, மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிச் செல்லும் சிறு விலங்கு ஒன்றின் அறிவியல் பெயர் அக்ரோபேட்டஸ் பிக்மேயஸ். நம் கட்டுரையில் அதற்கு எந்தத் தமிழ்ப் பெயரை வைப்பது என்ற உரையாடலில், ‘இறகுவால் சறுக்கி’ என்னும் பரிந்துரையை நான் ஆதரிக்கிறேன். அதற்கு முன்மொழியப்பட்ட ‘பறக்கும் குள்ள எலி’, ‘மிதவை அணில்’ ஆகிய இரண்டும் ஏற்புடையன அல்ல. எலியும் அணிலும் கொறித்துத் தின்னும் விலங்குகளான கொறிணிகள். ஏறத்தாழ 12 கிராம் எடையே உள்ள இவ்விலங்கோ, கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப் பையில் வளர்க்கும் பைம்மா.

‘இறகுவால்’ என்னும் முற்பகுதியில் எனக்கு மறுப்பில்லை. உடலின் நீளமே உள்ள வாலின் இருபுறமும் விறைத்த மயிர்கள் வரிசையாக நிற்பதால் அது பறவை இறகாகவே தோன்றும். (1966இல் வெளிவந்த ஆஸ்திரேலிய 1 சென்ட் நாணயத்தில் இவ்விலங்கின் உருவத்தைக் காணலாம்.) ஆயினும் இச்சொல் மட்டும் போதாது. இதே குடும்பத்தைச் சேர்ந்த நியூகினி விலங்கு ஒன்றுக்கும் இத்தகைய வால் உண்டு. காற்றில் சறுக்க உதவும் தோல்மடிப்புதான் அதற்கு இல்லை. எனவே இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டிய பொறுப்பு பெயரின் பிற்பகுதியையே சாரும்.

‘சறுக்கி’ என்பது தவறி விழுவதை நினைவூட்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த இறக்கக் குறிப்பே இங்கு வேண்டியது என்பது என் கருத்து. முழங்கைக்கும் முழங்காலுக்கும் இடையே விரியும் தோல்மடிப்பு விலங்கை மேலே தூக்குவதில்லை. விலங்கு உயரத்தை இழந்தபடியே, வாலால் திசை திருத்திக்கொண்டு, சில வேளை 20 மீட்டருக்கும் அப்பால் உள்ள மரத்தில் தாழ்வாகச் சென்று ஒட்டி, மீண்டும் மேலேறுகிறது. சறுக்குமரத்தில் விளையாடும் குழந்தையும் இதைத்தானே செய்கிறது? ஒட்டுவதற்கு உதவுபவை விரல்நுனித் திண்டுகளின் நுண்வரிகள். அவற்றைக் கொண்டு இது கண்ணாடியிலும் ஏறும். ‘மிதவை’ என்றாலோ நீர்ப்பரப்பே முதலில் நினைவுக்கு வரும்.

உணவை வைத்து முன்மொழியப்பட்ட மற்றொரு பெயரான ‘தேனுண்ணி’ அழகான சொல்தான். ஆனால் தூரிகை போன்ற நாவால் பூந்தேனையும் மகரந்தத்தையும் நக்கும் இவ்விலங்கு பூச்சிகளையும் தின்னும். மேலும், தேனுண்ணும் பைம்மாக்கள் வேறும் உள்ளன. குளிர்காலத்தில் உடல் வெப்பத்தைத் தாழ்த்திக்கொண்டு, கூட்டில் பல ஒன்றாகச் சுருண்டு அசைவற்று உறங்கிக் கிடக்கும் இயல்பும் இதற்கு மட்டும் உரியதன்று. ஆகவே பழக்கங்களைக் கட்டுரையில் விவரிக்கலாம், பெயரில் ஏற்ற வேண்டியதில்லை.

அகன்ற விரல்திண்டு உடைய அக்ரோபேட்டஸ் ஃபிரன்டாலிஸ் தனிச் சிற்றினமாகக் கொள்ளப்படுவதால், அதனை ‘அகல்விரல் இறகுவால் சறுக்கி’ எனவும், நாம் பேசிவரும் அக்ரோபேட்டஸ் பிக்மேயஸை ‘ஒடுங்குவிரல் இறகுவால் சறுக்கி’ எனவும் குறிக்கலாம். நியூகினி விலங்குக்கு ‘இறகுவால் பொசம்’ (பொசம் என்பது மரத்தில் வாழும் பைம்மா வகை) போதும்.