அங்கோர் வாட்: பெற்றோருடன் செல்கிறோம், சூரிய உதயத்துக்குப் போவதா, சிற்பச் சுவர்களுக்கு நேரம் ஒதுக்குவதா?

காவிரிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் அப்பா, அம்மாவுடன் கம்போடியாவின் சியாம் ரீப் நகருக்குச் செல்ல இருக்கிறோம். இருவரும் எழுபதை நெருங்குகிறவர்கள். நன்றாக நடப்பார்கள் என்றாலும் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. கோயில்களைப் பார்க்க இரண்டு முழு நாள்கள் கிடைக்கும். நான் பார்த்த பயணக் காணொளிகள் எல்லாமே அதிகாலை ஐந்து மணிக்கு அங்கோர் வாட் குளக்கரையில் இருக்க வேண்டும் என்கின்றன. அப்பாவோ பாரதப் போரும் பாற்கடல் கடைதலும் செதுக்கப்பட்ட சுவர்களை அவசரமில்லாமல் பார்க்க வேண்டும் என்கிறார். எந்த நேரத்தில், எந்த வழியாகச் சென்றால் அவர் விருப்பம் நிறைவேறும்? நுழைவுச்சீட்டு எதை வாங்குவது? மேல்தளத்துக்கு அம்மாவால் ஏற முடியுமா?

கல்தச்சன்:

உங்கள் அப்பா கேட்பதே சரியானது என்பது என் கருத்து. நம் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலானவை கிழக்கு பார்த்தவை. அங்கோர் வாட் மேற்கு பார்த்தது. சூரியன் அதன் முதுகுப்பக்கத்தில் எழுவதால் உதய நேரத்தில் நீங்கள் காண்பது கோபுரங்களின் கரிய நிழலுருவத்தை மட்டுமே. கல்லில் உள்ள வேலைப்பாடு ஒன்றும் கண்ணில் படாது. நடுக்கோபுரத்தின் உச்சியில் சூரியன் வந்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சியும் இரவும் பகலும் சமமாக இருக்கும் நாள்களை ஒட்டியே கிடைக்கும். ஜனவரியில் மேற்கு நடைபாதையின் நடுவில் நின்று பார்த்தால் சூரியன் வலப்புறம், அதாவது தெற்கே தள்ளித்தான் எழும். முகப்பைப் பார்க்கவும் படமெடுக்கவும் பிற்பகலே ஏற்றது.

சிற்பச் சுவர்களுக்கும் இதே கணக்குதான். அவை கீழ்த்தளத்தைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகையில் உள்ளன. உட்புறம் சுவர், வெளிப்புறம் தூண்கள் என்பதால் வெளியிலிருந்து வரும் வெளிச்சம் சுவரில் சாய்ந்து விழும்போது புடைப்புருவங்கள் தெளிவாகத் தெரியும். கிழக்கு மாளிகையின் தென்பாதியில் உள்ள பாற்கடல் கடைதலைக் காலையிலும், மேற்கு மாளிகையில் உள்ள இரு போர்களையும் பிற்பகலிலும் பாருங்கள். பாற்கடல் காட்சி மட்டும் ஏறத்தாழ 49 மீட்டர் நீளம். ஒருபுறம் அசுரர்களும் மறுபுறம் தேவர்களும் வாசுகியைப் பிடித்திழுக்க, நடுவில் மந்தர மலையின் முன் திருமால் நிற்கிறார், அடியில் ஆமை. கடலுக்குள் மீன்களும் முதலைகளும் மலையை நெருங்க நெருங்கத் துண்டுதுண்டாக அறுபடுவதைச் சிற்பி காட்டியிருக்கிறார். பெரும்பாலோர் மேலே மட்டும் பார்த்துவிட்டு இதைத் தவறவிடுகிறார்கள். அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

மேற்கு மாளிகையின் தென்பாதியில் குருச்சேத்திரப் போர் இருக்கிறது. அம்புப்படுக்கையில் கிடக்கும் பீஷ்மரைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். வடபாதியில் இலங்கைப் போர்: அனுமனின் தோளில் இராமனும் எதிரே தேரில் இராவணனும். குருச்சேத்திரப் போருக்கும் பாற்கடல் கடைதலுக்கும் இடையில் தெற்கு மாளிகையில் கோயிலைக் கட்டிய இரண்டாம் சூரியவர்மனின் படை ஊர்வலமும், அதையடுத்து எருமை மீது அமர்ந்த யமனின் தீர்ப்பும் நரகங்களும் வருகின்றன. மேற்கு வாயிலில் நுழைந்து வலப்புறம் திரும்பினால் இவற்றை வரிசையாகப் பார்க்கலாம். அது நாம் வலம் வரும் திசைக்கு நேர்மாறானது. இக்கோயில் மன்னனின் நினைவிடமாகவும் எண்ணப்பட்டது என்று சில அறிஞர்கள் கருதுவதற்கு இந்தத் திசையும் மேற்கு நோக்கிய வாயிலும் காரணங்கள்.

மலைநாட்டுப் பயணி:

கல்தச்சன் சொல்வதில் சிற்பங்களைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். சூரிய உதயத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடுவதை ஏற்க மாட்டேன். இருட்டில் அகழியைக் கடந்து போய், வானம் வெளுக்க வெளுக்க ஐந்து கோபுரங்களும் தோன்றுவதைக் காண்பது தனி அனுபவம். அதோடு ஒரு நடைமுறை ஆதாயமும் உண்டு. உதயம் முடிந்ததும் கூட்டத்தில் பெரும்பகுதி காலை உணவுக்காக விடுதிகளுக்குத் திரும்பிவிடும். அந்த வேளையில் கிழக்கு மாளிகை ஓரளவு வெறிச்சோடி, வெளிச்சமும் சுவரில் விழுந்துகொண்டிருக்கும். பெற்றோர் அதிகாலையில் எழக்கூடியவர்கள் என்றால் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

சீட்டைப் பொறுத்தவரை 2017 முதல் ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர், ஏழு நாளுக்கு 72 டாலர். இரண்டு நாள் சீட்டு என்று தனியாக இல்லை. ஒருநாள் சீட்டை இரண்டு முறை வாங்கினால் 74 டாலர் ஆகும் என்பதால் மூன்று நாள் சீட்டே மலிவு. அதைத் தொடர்ச்சியாகப் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சீட்டில் உங்கள் படம் இருக்கும், மாற்றிப் பயன்படுத்த முடியாது. ஒவ்வொரு கோயில் வாயிலிலும் கேட்பார்கள் என்பதால் அதைப் பையின் அடியில் புதைத்துவிடாதீர்கள்.

மேல்தளமான பாகானுக்கு அம்மாவை ஏற்ற வேண்டாம். பழைய கற்படிகள் ஏணி போல நிமிர்ந்தவை. அவற்றின் மேல் மரப்படிகளும் கைப்பிடியும் அமைத்திருக்கிறார்கள் என்றாலும் ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குச் சோதனை. ஒரே நேரத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையினரை மட்டுமே விடுவதால் வெயிலில் வரிசையில் நிற்கவும் நேரும். பௌத்தப் புனித நாள்களில் மேல்தளத்தை மூடிவிடுவார்கள். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்ற விதி உங்கள் பெற்றோருக்கு ஒரு பொருட்டல்ல. அரைக்கால்சட்டையுடன் கிளம்பும் இளையவர்கள்தான் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

வைகைவாசி:

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இந்தக் கோயிலைக் கட்டியவர் ஒரு தமிழ் மன்னர் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி செய்தி வருகிறதே, அது உண்மையா?

கல்தச்சன்:

உண்மையல்ல. கட்டியவர் கெமர் அரசன் இரண்டாம் சூரியவர்மன். அவன் அரியணை ஏறியது 1113இல். தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது. காம்போஜ (கெமர்) மன்னன் முதலாம் குலோத்துங்க சோழனுக்கு அளித்த ஒரு கல் சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. இரு அரசர்களுக்கிடையே நட்பு இருந்ததற்கு அது சான்று. அங்கோர் வாட்டை நாம் கட்டினோம் என்பதற்கு அல்ல. இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993 வரை அங்கே பழுதுபார்ப்புப் பணி செய்தது என்பது, பெருமை தேடுகிறவர்கள் சொல்லிக்கொள்ளத்தக்க மெய்யான செய்தி.

காவிரிக்கரை:

இருவருக்கும் நன்றி. முதல் நாள் காலையில் கிழக்கு மாளிகை, பிற்பகலில் மேற்கு மாளிகை, இரண்டாம் நாள் பாயோன், தா ப்ரோம் கோயில்கள் என்று முடிவு செய்திருக்கிறோம். கோயிலில் இப்போதும் வழிபாடு நடக்கிறதா என்று அம்மா கேட்கிறார்.

மலைநாட்டுப் பயணி:

நடக்கிறது. இப்போது அது பௌத்தத் தலம், பிக்குகளையும் காண்பீர்கள். மேற்கு நுழைவாயிலில் தென்புறக் கோபுரத்தின் கீழே எட்டுக் கைகளுடன் ஒரு பெரிய திருமால் சிலை நிற்கிறது. உள்ளூர் மக்கள் அவரைத் தா ரீச் என்று அழைத்து, ஆடை சாத்தி, ஊதுபத்தி ஏற்றி வணங்குகிறார்கள். அம்மா அங்கே சற்று அமர்ந்திருக்க, நீங்கள் சீட்டு, தண்ணீர் முதலியவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

சூரிய உதயம் வேண்டாம் என்று முடிவு செய்தால் காலையில் கிழக்கு வாயில் வழியாக நுழையுங்கள். அது மரங்களுக்கிடையே செல்லும் மண்பாதை, கூட்டம் குறைவு, பாற்கடல் சுவருக்கும் அதுவே அருகில். மேற்கு வாயில் வழியாக வெளியேறும் எண்ணமிருந்தால் எந்தப் பக்கம் வந்து காத்திருக்க வேண்டும் என்பதைத் துக்துக் ஓட்டுநரிடம் இறங்கும்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அம்மா அந்த வெயிலில் கோயிலின் முழு நீளத்தையும் மறுபடி நடக்க வேண்டியிருக்கும்.