பக்திக்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக பைபிள் படிப்பது: எங்கே தொடங்குவது?

கருவேலம்:

நம்பிக்கை சார்ந்த நோக்கம் எதுவும் இல்லை. பைபிளை ஒரு பழைய இலக்கியமாகவும் வரலாற்று ஆவணமாகவும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் போனால் இரண்டாவது நூலான யாத்திராகமத்தில் வழிபாட்டுக் கூடாரத்தின் முழ அளவுகள் வந்ததும் வாசிப்பு நின்றுவிடுகிறது. எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பை எடுப்பது? எந்த வரிசையில் போவது? ஒரே சம்பவம் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வந்தால் அதை எப்படி வாசிப்பது? வாசிக்கும் முறை பற்றி மட்டும் சொல்லுங்கள். மதம் சரியா தவறா என்ற விவாதம் வேண்டாம்.

ஓலைநறுக்கு:

வாசிப்பு அங்கே நிற்பதற்குக் காரணம் உண்டு. யாத்திராகமம் 25 முதல் 31 வரை கூடாரத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டளை. 35 முதல் 40 வரை அதே அளவுகள், அதே துணிகள், அதே கொக்கிகள், இம்முறை “செய்தார்கள்” என்று. இடையில் 32 முதல் 34 வரை பொன் கன்றுக்குட்டிக் கதை. முதல் வாசிப்பில் அந்த மூன்று அதிகாரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு நகரலாம். லேவியராகமம் பலி, தீட்டு பற்றிய விதித்தொகுப்பு. அதில் 16, 19 இரண்டும் போதும். எண்ணாகமத்தின் தொடக்கம் மக்கள் கணக்கெடுப்பு. அங்கிருந்து 11 முதல் 14 வரையும், பிலேயாமின் கழுதை பேசும் 22 முதல் 24 வரையும் படியுங்கள். விட்டதை அப்புறம் படிக்கலாம். கதையின் ஓட்டம் மனதில் ஏறிய பிறகு, சட்டப் பகுதி ஏன் அங்கே இருக்கிறது என்பதே சுவாரசியமான கேள்வியாகிவிடும்.

வரிசை என்று கேட்டால், முதலில் மாற்கு, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நற்செய்தி நூல். 16 அதிகாரம்தான், வாய்விட்டுப் படித்தால் சுமார் ஒன்றரை மணி நேரம். ஒரே அமர்வில் முடியுங்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் என்று கூறுபோட்டால் அந்த நூலின் வேகம் செத்துவிடும். கிரேக்க மூலத்தில் “உடனே” என்ற சொல் சுமார் 40 முறை வருகிறது. எழுதியவர் வாசகரை மூச்சுவிட விடுவதில்லை. நான்கு நற்செய்திகளில் மிகப் பழையது இதுதான், கி.பி. 70ஐ ஒட்டியது என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து.

அடுத்து ஆதியாகமம் முழுவதும், யாத்திராகமம் 1 முதல் 20 வரை. பிறகு 1, 2 சாமுவேல், 1 இராஜாக்களின் முதல் இரண்டு அதிகாரம். சவுல், தாவீது, அப்சலோம் கதையை எந்த மொழியின் பெரிய உரைநடையோடும் தயங்காமல் வைக்கலாம். குறிப்பாக 2 சாமுவேல் 11, 12. அரசன் செய்த குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே ஒரு தீர்க்கதரிசி கதையாகச் சொல்லி, தீர்ப்பை அவன் வாயாலேயே வரவழைக்கும் இடம்.

தீர்க்கதரிசிகளுக்குப் போகும் முன் மூன்று ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: கி.மு. 722, இஸ்ரயேலரின் வடக்கு அரசு அசீரியாவிடம் விழுந்தது, கி.மு. 586, எருசலேம் பாபிலோனிடம் விழுந்தது (587 என்றும் சொல்வார்கள்), கி.மு. 539, பாபிலோன் பாரசீகத்திடம் விழுந்தது. ஆமோஸ் முதலாவதற்கு முந்தியவர். எரேமியா இரண்டாவதன் நடுவில் நின்று பேசுகிறார். ஏசாயா 40 முதல் குரல் மாறுகிறது. 45:1 (45ஆம் அதிகாரம், 1ஆம் வசனம்) பாரசீக மன்னன் கோரேசைப் பெயர் சொல்லியே அழைக்கிறது. அந்தப் பகுதியை யூதர்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட காலத்தில் வைத்துத்தான் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். இந்தத் தாள் இல்லாமல் தீர்க்கதரிசிகளைப் படித்தால் யாரோ யாரையோ திட்டுவது போலத்தான் இருக்கும்.

பாடபேதம்:

மொழிபெயர்ப்பு பற்றி. தமிழில் அதிகம் புழங்குவது இரண்டு. “பழைய மொழிபெயர்ப்பு” என்று சொல்லப்படும் பரிசுத்த வேதாகமம், 19ஆம் நூற்றாண்டு நடை. இன்னொன்று 1995இல் வந்த திருவிவிலியம், பொது மொழிபெயர்ப்பு. தெரிந்துகொள்வதற்காகப் படிப்பவருக்கு இரண்டாவதே முதன்மை நூலாக இருக்கட்டும். ஒவ்வொரு நூலுக்கும் முன்னுரையும் உட்பிரிவுப் பட்டியலும் இருக்கிறது. கவிதை கவிதையாக வரி பிரித்து அச்சாகியிருக்கிறது. கத்தோலிக்கர் சேர்த்துக்கொள்ளும் இணைத்திருமுறை நூல்களும் அடங்கிய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். 66 நூல் உள்ள பதிப்பில் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு ஆக ஏழு நூல்கள் இருக்காது. கத்தோலிக்கர் கணக்கு அவற்றையும் சேர்த்து 73. மக்கபேயர் இல்லாவிட்டால் பழைய, புதிய ஏற்பாடுகளுக்கு இடைப்பட்ட காலம் வெற்றிடமாகவே தெரியும்.

ஆனால் பழைய மொழிபெயர்ப்பைத் தள்ளிவிடாதீர்கள். தமிழில் பைபிள் மேற்கோள் என்று நாம் கேட்பதில் பெரும்பகுதி அதன் குரல். பெயர்கள் மாறும் என்பதால் தேடும்போது குழப்பம் வரும்: ஆதியாகமம் இங்கே தொடக்க நூல், உபாகமம் இணைச் சட்டம், நாளாகமம் குறிப்பேடு, சங்கீதம் திருப்பாடல்கள், பிரசங்கி சபை உரையாளர். ஞானஸ்நானம் திருமுழுக்கு, நிருபம் திருமுகம். நூல்முகப்பில் ஒரு பென்சில் பட்டியல் போட்டுவிட்டால் தீர்ந்தது. (இந்த மொழிபெயர்ப்பு வரலாறே தனி வாசிப்புக்கு உரியது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715இல். பிற்பாடு யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புக்கு உடனிருந்து உழைத்தவர் சைவரான ஆறுமுக நாவலர். நம்பிக்கை வேறு, நூலறிவு வேறு என்பதற்கு அவரைவிட நல்ல முன்னோடி வேண்டாம்.)

இரண்டையும் அருகருகே வைத்தால் கிடைக்கும் பெரிய பலன், மூலச் சுவடிகளின் வேறுபாடு கண்ணுக்குத் தெரிவது. 1 யோவான் 5:7ஐ இரண்டிலும் எடுங்கள். பழையதில் பரலோகத்தில் சாட்சியிடுகிற மூவர் என்று பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி வரும். புதியதில் அந்த வாக்கியம் இல்லை. காரணம் எளிது: பழைய கிரேக்கச் சுவடிகளில் அது கிடையாது, லத்தீன் வழியாகப் பின்னால் நுழைந்தது. இதேபோல மாற்கு 16:9 முதல் 20 வரை, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் இல்லை. அவற்றில் நூல் 16:8இல் முடிகிறது: கல்லறையிலிருந்து பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருமுறை அங்கேயே நிறுத்திப் பாருங்கள், முழு நூலும் வேறாகத் தெரியும். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் (யோவான் 7:53 முதல் 8:11 வரை) மிகப் பழைய சுவடிகளில் இல்லை.

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த நூல்களைப் படித்தவருக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது. அடிக்குறிப்பில் “சில சுவடிகளில்” என்று தொடங்கும் வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

நடுநிசி வாசகி:

முரண்கள் பற்றிக் கேட்டதற்கு. இரண்டு பேர் இரண்டு தவறு செய்வார்கள். ஒருவர் இரண்டு கதைகளையும் ஒட்டவைத்து மூன்றாவது கதை ஒன்றை உண்டாக்குவார். மற்றவர் “பார், தப்பு” என்று புத்தகத்தை மூடிவிடுவார். முரண் தெரியும் இடத்தில் தங்குங்கள், அங்கேதான் எழுதியவரின் கை தெரிகிறது.

செய்முறையாக ஒன்று. ஆதியாகமம் 1, 2 அதிகாரங்களை எடுத்துக் கடவுளைக் குறிக்கும் சொல்லுக்கு மட்டும் அடிக்கோடிடுங்கள். முதல் அதிகாரம் முழுக்க “தேவன்”. 2:4இன் நடுவிலிருந்து “தேவனாகிய கர்த்தர்”. (திருவிவிலியத்தில் “கடவுள்”, “ஆண்டவராகிய கடவுள்”.) “கர்த்தர்” வரும் இடத்தில் எபிரேயத்தில் யாவே என்ற பெயர் இருக்கிறது. சொல் மாறும் அதே இடத்தில் படைப்பின் வரிசையும் மாறுகிறது: முதலில் தாவரம், விலங்கு, கடைசியில் ஆணும் பெண்ணும் ஒன்றாக. அடுத்ததில் முதலில் ஆண், பிறகு மரங்கள், விலங்குகள், கடைசியில் பெண். இப்போது அதே பென்சிலோடு வெள்ளக் கதைக்குப் போங்கள். 6:19இல் தேவன் சொல்வது வகைக்கு ஒரு ஜோடி. 7:2இல் கர்த்தர் சொல்வது, சுத்தமான விலங்குகளில் ஏழேழு. இரண்டு மரபுகள் ஒரே கதையாகப் பின்னப்பட்டிருக்கின்றன என்று ஆய்வாளர்கள் சொல்வதன் அடிப்படை இதுதான். யாரும் சொல்லித்தர வேண்டாம், அடிக்கோடே காட்டிவிடும்.

இன்னொன்று, சாமுவேலையும் நாளாகமத்தையும் ஒப்பிடுவது. மேலே சொன்ன 2 சாமுவேல் 11ஐப் படித்த கையோடு 1 நாளாகமம் 20இன் முதல் மூன்று வசனங்களைப் பாருங்கள். அதே போர், அதே நகரம், தாவீது எருசலேமில் தங்கியதும் இருக்கிறது. தாவீது பிறன் மனைவி பத்சேபாளோடு கொண்ட விவகாரம் மட்டும் இல்லை. 2 சாமுவேல் 24:1இல் மக்கள் கணக்கெடுக்கத் தாவீதைத் தூண்டுவது கடவுளின் கோபம். 1 நாளாகமம் 21:1இல் சாத்தான். நாளாகமம் பிற்காலத்து நூல். இடைப்பட்ட காலத்தில் சிந்தனை எங்கே நகர்ந்திருக்கிறது என்பது ஒரே சொல்லில் தெரிகிறது.

நற்செய்திகளுக்கும் இதே வேலை. ஐயாயிரம் பேருக்கு உணவளித்தது நான்கிலும் உண்டு: மத்தேயு 14, மாற்கு 6, லூக்கா 9, யோவான் 6. ஒரு தாளை நான்காக மடித்து, யார் முதலில் பேசுகிறார், அப்பம் யாரிடமிருந்து வருகிறது, முடிவில் கூட்டம் என்ன செய்கிறது என்று எழுதுங்கள். வாற்கோதுமை அப்பமும் அதை வைத்திருந்த சிறுவனும் யோவானில் மட்டுமே. பிறகு சிலுவையில் சொன்ன கடைசி வார்த்தைகள்: மாற்கு 15:34, லூக்கா 23:46, யோவான் 19:30. மூன்று நூல்களின் இயல்பும் அந்த மூன்று வரிகளில் அடங்கியிருக்கிறது. மாற்கின் வரி 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி என்பதால் அந்தச் சங்கீதத்தை முழுதாகப் படித்துவிட்டுத் திரும்புங்கள்.

ஓலைநறுக்கு சொன்ன வரிசையில் ஒரே ஒரு மாற்றம் சொல்வேன். ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முதல் பாதியும் முடிந்த பிறகே மாற்கு. பாலைவனம், நாற்பது நாள், பன்னிரண்டு பேர், மலைமேல் மேகம் எல்லாம் அங்கிருந்து வருபவை. அவை தெரியாமல் மாற்கைப் படித்தால் பாதி ஒலி கேட்காமல் போகும்.

கருவேலம்:

மிக்க நன்றி, அடிக்கோடு முறையிலிருந்து தொடங்குகிறேன். திருத்தூதர் பவுலின் கடிதங்களும் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷமும் பாக்கி. கடிதங்களில் வாதம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. யோபும் அப்படித்தான்.

ஓலைநறுக்கு:

கடிதங்கள் காலவரிசையில் இல்லை, ஏறக்குறைய நீளத்தின் வரிசையில் அடுக்கப்பட்டவை. சபைகளுக்கு எழுதியவற்றில் நீளமான ரோமர் முதலில், தனி ஆட்களுக்கு எழுதியவற்றில் குட்டையான பிலேமோன் கடைசியில். எனவே வரிசையாகப் போகிறவர் மிகக் கடினமானதோடுதான் முதலில் மோதுகிறார். நேர்மாறாகப் போங்கள்: பிலேமோன் (25 வசனம்தான், தப்பி வந்த அடிமை ஒருவனுக்காக எழுதியது), 1 தெசலோனிக்கேயர் (கி.பி. 50ஐ ஒட்டியது, புதிய ஏற்பாட்டிலேயே மிகப் பழையதாகப் பலரும் கருதுவது), கலாத்தியர், 1 கொரிந்தியர், பிறகே ரோமர். பவுல் எழுதியவை என்று ஆய்வாளர்கள் பரவலாக ஒப்புக்கொள்பவை ஏழு: இந்த ஐந்தோடு 2 கொரிந்தியரும் பிலிப்பியரும்.

வாதம் பிடிபடாததற்குக் காரணம், உரையாடலின் ஒரு பக்கம் மட்டுமே நம் கையில் இருப்பது. 1 கொரிந்தியர் 7:1இல் “நீங்கள் எழுதின காரியங்களைக்குறித்து” என்று வருகிறது. அவர்கள் எழுதிய கடிதம் நம்மிடம் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஓரத்தில் “இது எந்தக் கேள்விக்குப் பதில்?” என்று எழுதிக்கொண்டே போங்கள். அதிகார எண்களை நம்பி நிறுத்தாதீர்கள். அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் செய்தது, புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் ராபர்ட் எஸ்தியேன் போட்டது. திருமண வீடுகளில் வாசிக்கும் அன்பின் அதிகாரம், 1 கொரிந்தியர் 13, உண்மையில் 12இல் தொடங்கி 14இல் முடியும் ஒரு சண்டையின் நடுப்பகுதி. ஆராதனையில் யாருடைய வரம் பெரிது என்ற சண்டை.

பாடபேதம்:

யோபு: யார் பேசுகிறார் என்பதை ஓரத்தில் குறிக்காமல் படிக்கவே கூடாது. 1, 2 அதிகாரங்களும் 42:7 முதல் முடிவு வரையும் உரைநடை, நடுவில் உள்ளது கவிதை. யோபின் நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் அழகாகப் பேசுகிறார்கள், அவர்கள் வரிகளையே பைபிள் சொல்வதாக மேற்கோள் காட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் 42:7இல் கடவுள் அவர்களைப் பார்த்து, நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். 32 முதல் 37 வரை பேசும் எலிகூ முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பிற்சேர்க்கை என்று பலர் கருதுவதற்கு அது ஒரு காரணம்.

வெளிப்படுத்தின விசேஷத்தைக் கடைசிக்கு வையுங்கள். தானியேல் 7, எசேக்கியேல் 1 இரண்டையும் முடிக்காமல் தொட வேண்டாம். தானியேலின் நான்கு மிருகங்கள் வெளிப்படுத்தல் 13:2இல் ஒரே மிருகமாகக் கலந்திருக்கின்றன: சிறுத்தை, கரடி, சிங்கம். 17:9 ஏழு மலைகள் என்று சொல்லும்போது அன்றைய வாசகருக்கு ரோம் நினைவுக்கு வந்திருக்கும். 13:18இல் வரும் 666 என்ற எண், ரோமப் பேரரசன் நீரோ சீசரின் பெயரை எபிரேய எழுத்தில் எழுதி எண் மதிப்பைக் கூட்டினால் வருவது. சில பழைய சுவடிகளில் 616 என்று இருக்கிறது, அதுவும் அதே பெயரின் லத்தீன் வடிவத்துக்குப் பொருந்துகிறது. நூல் முதலில் போய்ச் சேர வேண்டிய ஏழு ஊர்களின் பெயர் 1:11இல் இருக்கிறது, எபேசு முதல் லவோதிக்கேயா வரை. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி வரைபடத்தில் அவற்றைக் குறித்துவிட்டு 2, 3 அதிகாரங்களிலிருந்து தொடங்குங்கள்.